இரண்டாவது ஸ்டூல்

வகுப்பில் அவளுக்கு 'சீனியர்' என்று பெயர். படிப்பில் முந்தியவள் என்பதால் வந்த பெயர் இல்லை, வயதில் முந்தியவள், அவ்வளவுதான். எட்டு வருடம் ஒரு கூரியர் அலுவலகக் கவுண்டரில் நின்று கால் வலி கண்டவள், முப்பத்திரண்டு வயதில் பையை மாட்டிக்கொண்டு வணிக மேலாண்மை படிக்க வந்தால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் பிறகு எப்படித்தான் கூப்பிடும்? முதல் வாரம் அந்தப் பெயர் அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து குழு வேலையெல்லாம் அவள் தலையில் விழத் தொடங்கியது. மரியாதைக்கு ஒரு விலை உண்டல்லவா, அதுதான்.

கடைசிப் பருவத்தில் 'ஆலோசனையும் ஆய்வுமுறையும்' என்று ஒரு பாடம். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஊரில் உள்ள சிறு வியாபாரிகளிடம் அனுப்பிவிடுவார்கள். போய்ப் பார்த்து, கணக்கெடுத்து, இதைச் செய்யுங்கள், அதை நிறுத்துங்கள் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். கடை நடத்தி நரைத்தவருக்கு, வீட்டில் ஒரு டீ போடக்கூடத் தெரியாத பிள்ளை யோசனை சொல்வது எவ்வளவு பெரிய வேடிக்கை என்பதை அந்தப் பாடத்தை வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பாடம் எடுத்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆதாரம் மேடம்'. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட "ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்.

சீனியருடன் குழுவில் இருவர். ஒருவன் 'ஸ்லைடு'. திரையில் காட்டும் பக்கங்களை அழகழகாகச் செய்வான், இடது கைக்காரன். இன்னொருத்தி 'எக்செல்'. எண்களைக் கொடுத்தால் கட்டம் கட்டமாக அடுக்கி வட்டமும் பட்டையும் வரைந்துவிடுவாள், எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க மாட்டாள். இவர்களுக்குக் கிடைத்தது ஒரு குழாய்ச் சாமான் கடை. நீளமான மரக் கவுண்டர், அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வேலைக்கு மூன்று பேர். பில் போடுவதற்கு முதலாளியின் மைத்துனர். மேலடுக்கிலிருந்து குழாய்களை இறக்குவதற்கு ஏணிக்காரர். கவுண்டரில் ஓர் அம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், பதினேழு வருடமாக அங்கேயே இருப்பவர். எந்த வாஷர் எந்த இழுப்பறையில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு 'வாஷர் அக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி. "மூணு பேர் தேவையா, ரெண்டு பேர் போதுமா? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்."

இதற்கு ஒரு முறை இருக்கிறது. கடையில் ஓரமாக உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைப்பேசி அதிரும். அதிர்ந்த நொடியில் யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எண்ணாகக் குறிக்க வேண்டும். ஒன்று, பில். இரண்டு, சாமான் எடுத்துத் தருவது. மூன்று, அடுக்குவது. நான்கு, தொலைபேசி. ஐந்து, சும்மா. இந்த ஐந்தையும் மூவரும் பல்கலைக்கழக கேன்டீனில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் முடிவு செய்தார்கள். அதுவரை யாரும் கடையைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

ஆதாரம் மேடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எட்டு நாள் கணக்கெடுத்தால் அதில் இரண்டு நாளாவது இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒருவர் கண்ணை மட்டும் நம்பி ஒருவரின் பிழைப்பில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்த இரண்டு நாளும் சீனியரும் ஸ்லைடும் உட்காருவதாக ஏற்பாடு. முதல் நாள் காலை ஸ்லைடு போன் செய்தான்.

"சீனியர், திடீர்னு இன்டர்வியூக்குக் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு நாள் ஆகும். எப்படியாவது பாத்துக்கோங்களேன்."

"எப்படிப் பாத்துக்கறது? எனக்கு ரெண்டு கண்ணுதானேடா இருக்கு?"

"நீங்க பாத்துப்பீங்க சீனியர்" என்று வைத்துவிட்டான்.

நாளை மாற்றலாமென்றால் கெடு நெருங்கிவிட்டது. அவள் மட்டும் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் மாலை, மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, சாப்பாட்டு மேசையில் புதுத்தாளை விரித்து ஸ்லைடின் பங்கையும் எழுதி முடித்தாள். எழுத்து அவன் எழுத்துப் போல இருக்க வேண்டுமே என்று இடது கையால் எழுதினாள்.

"அம்மா, உனக்கு வலது கை வலிக்குதா?" என்றாள் ஏழு வயது மகள்.

"ஆமா கண்ணு. நீ கணக்கைப் போடு."

நூற்றுக்கு நூறு ஒத்துப்போனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற அளவுக்கு அவளுக்கு ஆய்வுமுறை பிடிபட்டிருந்தது. இருநூற்று எண்பத்தெட்டுக் கட்டங்களில் இருபத்துமூன்றை மட்டும் வேண்டுமென்றே மாற்றினாள். தொண்ணூற்றிரண்டு சதவீதம். மறுநாள் ஸ்லைடு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டான். ஆதாரம் மேடம் வகுப்பிலேயே அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "இந்தக் குழுவைப் பாருங்க, எவ்வளவு பொறுப்பா செஞ்சிருக்காங்க" என்றார். சீனியர் தரையைப் பார்த்தாள். ஸ்லைடு கூச்சமே இல்லாமல் சிரித்தான்.

அறிக்கை தயாரானது. எக்செல் வரைந்த பட்டைகளில் ஒன்று மட்டும் சிவப்பாக நீண்டிருந்தது. வாஷர் அக்கா, நாற்பத்தொரு சதவீதம் சும்மா. மைத்துனர் பாதி நேரம் கைப்பேசியில் பந்தாட்டம் பார்த்தார்தான். ஆனால் தொலைபேசிக்கென்று நான்காம் எண் இருந்தது, அது வேலைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் வாய் திறந்து பேசுவதற்கு எண் எதுவும் இல்லை. கையில் சாமானும் இல்லை, பில்லும் இல்லை, வாய் மட்டும் ஓடுகிறது என்றால் ஐந்து. எட்டு வருடம் கவுண்டரில் நின்று பேசியே சம்பளம் வாங்கியவள்தான் ஐந்து ஐந்தாக எழுதினாள். தாளில் உள்ள கட்டத்தை நிரப்புகிற அவசரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கவுண்டரில் ஒருவரைக் குறைக்கலாம் என்பது முடிவு. வரைவை முதலாளிக்கு அனுப்பியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் முன்னிலையில் துறை அரங்கில் சமர்ப்பிக்க வேண்டும், அது முடிந்தால் படிப்பும் முடிந்தது.

வியாழக்கிழமை ஒரு படிவத்தில் முதலாளியின் கையெழுத்து வாங்கப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது கணவன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தான்.

"அங்கதானே போற? சமையலறைக் குழாயோட தலைப்பாகம் இது. இதுக்கு வாஷர் வாங்கிட்டு வா. ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டுன்னு உயிரை எடுக்குது."

கடையில் முதலாளி இல்லை, பத்து நிமிடத்தில் வருவார் என்றார்கள். சீனியர் கவுண்டரில் பொட்டலத்தைப் பிரித்தாள். வாஷர் அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"மூடின பிறகும் சொட்டுதா, இல்ல திறக்கும்போது மேலேருந்து கசியுதா?"

"மூடின பிறகுதான் அக்கா."

"எந்த மாடி?"

"ரெண்டாவது."

"வாஷர் மாத்திப் பாத்தீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை மாத்திட்டார். ஒரு வாரம் நல்லா இருக்கும், மறுபடி ஆரம்பிச்சிடும்."

"கையால மூடறீங்களா, இல்ல கோவத்தைக் காட்டி மூடறீங்களா?"

சீனியருக்குச் சிரிப்பு வந்தது. "எங்க மாமியார் மூடினா நாங்க யாரும் திறக்க முடியாது."

"அதான். அப்போ வாஷர் மேல தப்பே இல்லம்மா. அது போய் உக்கார்ற இடம் தேஞ்சிருக்கு. நீங்க நூறு வாஷர் வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்." குனிந்து, கவுண்டருக்கு அடியிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு சின்ன இரும்புக் கருவியை எடுத்து வைத்தார். "இதை உள்ளே விட்டு நாலு சுத்துச் சுத்தச் சொல்லுங்க, இடம் சமமாயிடும். விக்கறதுக்கு இல்ல இது, கடையோடது. வேலை முடிஞ்சதும் கொண்டுவந்து குடுத்திடுங்க."

அப்போது அவள் கைப்பேசி அதிர்ந்தது. கணக்கெடுப்பு முடிந்தும் அந்த அதிர்வை அவள் நிறுத்தியிருக்கவில்லை. அதிர்ந்ததும் அவள் கை தானாகப் பையிலிருந்த பேனாவைத் தேடிப் போனது. மனதில் எண்ணும் வந்துவிட்டது. ஐந்து. விற்பனை இல்லை, பில் இல்லை, அக்கா சும்மா நிற்கிறார். பேனாவை எடுக்காமலே கையை இழுத்துக்கொண்டாள். எட்டு நாளும் இப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

வாஷர் அக்கா கருவியை அதே செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார். "உங்ககூட வர்றேன்னு சொன்ன அந்தத் தம்பிக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா? ரெண்டு பேர் வருவாங்கன்னு முதலாளி சொன்னார்னு, ரெண்டு நாளும் ரெண்டு ஸ்டூல் போட்டு வெச்சிருந்தேன். ஒண்ணு காலியாவே கிடந்துச்சு."

சீனியர் வார்த்தையை மென்று முழுங்கினாள். "வேற வேலை வந்துடுச்சு அக்கா அவனுக்கு."

"அதுக்கென்ன. நீங்க ஒருத்தரே நல்லாதான் எழுதினீங்க, நானும் பாத்துட்டுதானே இருந்தேன்."

முதலாளி வந்தார், கையெழுத்துப் போட்டார், அவளைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "வரைவைப் படிச்சேன். மாசக் கடைசியோட நிறுத்திடலாம்னு இருக்கேன். நாளைக்கு உங்க மேடமும் சரின்னு சொல்லட்டும்."

திரும்பும் வழியிலேயே ஸ்லைடுக்குப் போன் செய்து, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள்.

"யாருக்குத் தெரியும் சீனியர்?"

"அந்த அக்காவுக்குத் தெரியும்."

"அவங்க யார்கிட்டச் சொல்லப் போறாங்க?"

அந்தக் கேள்வியில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி. அந்த அக்கா யாரிடமும் சொல்ல மாட்டார், சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்ற நம்பிக்கையில்தானே அவளும் இடது கையால் எழுதினாள்.

வேலை முடிந்து இரவில் வந்த கணவனிடம் சொன்னாள். அவன் மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவன். அவள் படிக்கப் போகிறாள் என்று காலை வேலையை மதிய வேலையாக மாற்றிக்கொண்டு, மகளைப் பள்ளிக்குக் கிளப்புவதைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தான். குழாய்க்கடியில் படுத்துக் கருவியைச் சுற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டான்.

"சொன்னா என்ன ஆகும்?"

"பாடத்தை மறுபடி எடுக்கணும். இன்னும் ஆறு மாசம்."

"அப்போ இன்னும் ஆறு மாசம் நான்தான் இவளுக்குத் தலை பின்னணுமா?"

"ஆமா."

கருவி நாலு சுற்று சுற்றியது. "சரி. ரெட்டைச் சடை போடச் சொல்லி ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கா. கத்துக்கறேன்."

அவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேச முடிந்தது அவளுக்கு வசதியாக இருந்தது. இல்லாவிட்டால் அழுதிருப்பாள்.

வெள்ளிக்கிழமை அரங்கில் முதல் வரிசையில் முதலாளி சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஸ்லைடு தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்ற பக்கத்தைத் திரையில் போட்டான். பேச வேண்டியவள் சீனியர்.

"இந்த எண் பொய்" என்றாள். "ரெண்டாவது ஆள் வரவே இல்லை. ரெண்டு தாளும் நான்தான் எழுதினேன். அதோட, கடைக்கு வர்றவங்ககிட்டப் பேசறதுக்கு நாங்க எண்ணே வெக்கலை. அதையெல்லாம் சும்மான்னு எழுதிட்டோம். இந்த அறிக்கையை வெச்சு யாரையும் நிறுத்தக் கூடாது."

எக்செலின் வாய் பிளந்தபடி நின்றது, பாவம், அவளுக்கு எதுவுமே தெரியாது. ஸ்லைடின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆதாரம் மேடம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆதாரம் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் வகுப்புல தூக்கிக் காட்டினேனே அந்தத் தாளை" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

முதலாளிதான் எழுந்தார். "இதென்னங்க கூத்து? நான் நேத்து சாயங்காலமே அவங்ககிட்டச் சொல்லிட்டேனே. கணக்கைக் காட்டிச் சொன்னேன். இப்போ போய், இல்ல, நீங்களே இருங்கன்னு சொல்லணுமா?"

"சொல்லுங்க" என்றார் மேடம். "அடுத்த பருவத்துல மறுபடி சரியா கணக்கெடுப்பாங்க. அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க."

எக்செல் தேறினாள். சீனியரும் ஸ்லைடும் பாடத்தை மறுபடி எடுத்தார்கள். ஸ்லைடு இரண்டு மாதம் அவளுடன் பேசவில்லை. அதன் பிறகும், தாளை நீட்டு, பேனாவைக் கொடு என்பதோடு சரி. இந்தத் தடவை எண்கள் ஒன்பது ஆயின. 'வாடிக்கையாளரிடம் பேசுவது' இரண்டாவது எண். 'சொந்தக் கைப்பேசி' எட்டாவது. மைத்துனரிடம் எட்டாம் எண்ணைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

முதல் நாள் காலை இருவரும் கடைக்குள் நுழைந்தபோது இரண்டு ஸ்டூல்களும் போட்டிருந்தன, தூசி துடைத்து. வாஷர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க" என்றார்.

சீனியர் அருகில் போனாள். "அக்கா, நான் உங்ககிட்ட மன்னிப்பு..."

"அதெல்லாம் எதுக்கும்மா. முதலாளி தாளைக் காட்டினார். என் பேருக்கு நேரா அஞ்சு அஞ்சா இருந்துச்சு. அஞ்சுன்னா என்னன்னு கேட்டேன். சும்மான்னார். பதினேழு வருஷம் சும்மா இருந்திருக்கேன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உக்காருங்க, எழுதுங்க."

சீனியர் போய் உட்கார்ந்தாள்.

அதிர்வு வந்தது, எழுதினார்கள். அடுத்தது வந்தது, எழுதினார்கள். வாஷர் அக்கா வேலை செய்தார். எடுத்தார், கொடுத்தார், அடுக்கினார், துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஒரு மனிதர் உடைந்த குழாய்த் தலையோடு வந்து, "இது எதனாலன்னே தெரியலைங்க" என்று இழுத்தார். அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வாஷரா, புதுக் குழாயா?" என்றார். அவர் குழம்பிப்போய்ப் புதுக் குழாயை வாங்கிக்கொண்டு போனார். கூடவே பேச்சுக் கொடுத்த இன்னொரு பெண்ணுக்கு, ஸ்டூல்கள் இருந்த பக்கம் கண்ணைக் காட்டி, "வேலை இருக்கும்மா" என்றார். சீனியருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பார்த்ததைத்தானே எழுத வேண்டும்? பார்த்ததை எழுதினாள்.

எட்டு நாளும் அப்படியே. கடைசி நாள் சாயங்காலம் இருவரும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டாம் எண், பேசுவது, அவள் தாளில் வாஷர் அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. ஸ்லைடின் தாளிலும் இல்லை. மற்ற கட்டங்களும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. தனித்தனியாக உட்கார்ந்து, தலையைத் திருப்பாமல், உண்மையாக எழுதிய இரண்டு தாள்கள், நூற்றுக்கு நூறு.

"சும்மாங்கறது மூணு சதவீதம்தான். அவங்களை நிறுத்தவே முடியாது" என்றான் ஸ்லைடு. அக்காவின் வரிசையில் விரலை ஓட்டினான். "ஆனா சீனியர், இது அவங்க இல்லையே."

ஆறு மாதத்தில் அவன் அவளிடம் தாளும் பேனாவும் தவிரப் பேசிய முதல் விஷயம் அதுதான்.

"அதையும் எழுதுவோம்" என்றாள். "நாம பாத்ததால அவங்க மாறிட்டாங்க. இந்தக் கணக்கு இந்தக் கடையோடது இல்ல, நம்மோடது. யாரையும் குறைக்க வேண்டாம்னு முதல் வரியா போடு, முதலாளி அதுக்கு மேல படிக்க மாட்டார்."

பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய கருவியை எடுத்தாள். ஆறு மாதமாகத் திருப்பிக் கொடுக்க முகமில்லாமல் வைத்திருந்தது. கவுண்டரில் கொண்டுபோய் வைத்தாள். வாஷர் அக்கா அதைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"அது ஓடுதா?"

"நிறுத்திட்டேன் அக்கா."

"அந்தத் தம்பியோட?"

ஸ்லைடு தன் கைப்பேசியை எடுத்து, அவருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டி அணைத்தான். பிறகு யாரும் சொல்லாமலே இரண்டு ஸ்டூல்களையும் தூக்கிச் சுவரோரமாக ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்தான்.

வாஷர் அக்கா கருவியைப் பிரித்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, உள்ளே வைத்தார். சீனியர் கிளம்பலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"குழாய் நின்னுச்சா?" என்றார் அக்கா.

"சமையலறையில அன்னிக்கே நின்னுடுச்சு. இப்போ குளியலறையில ஆரம்பிச்சிருக்கு."

அக்கா கவுண்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, அவள் பக்கம் நன்றாகச் சாய்ந்தார்.

"மூடின பிறகும் சொட்டுதா," என்றார், "இல்ல திறக்கும்போது மேலேருந்து கசியுதா?"